சிறு இடைவேளை: சோம்பலா, உழைப்பின் பங்கா?

“உழைப்பே உயர்வு தரும்” என்னும் வாசகத்தை எழுதி வைக்காத பள்ளிச் சுவர் நம் நாட்டில் அரிது. எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று நமக்குச் சிறு வயது முதலே சொல்லித் தருகிறார்கள். வேண்டியதுதான். வானம் பார்த்த பூமியாகிய நம் மூலனூர்ப் பகுதியில் உழைக்காதவருக்கு ஒரு வேளைக் கஞ்சியும் இல்லை. ஆயினும், உழைப்பவர் நடுவில் சற்று நின்று, மூச்சு வாங்கி, நாலு வார்த்தை பேசிச் சிரித்தால், “என்ன, சும்மா நிற்கிறாய்?” என்னும் கேள்வி உடனே பிறந்துவிடுகிறது. வீட்டிலும் பிறக்கிறது, கம்பெனியிலும் பிறக்கிறது. சில வேளைகளில் வகுப்பறையிலும் பிறக்கிறது.

இந்தக் கேள்வி நியாயமானதா? வேலைக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் ஐந்து நிமிடச் சிரிப்பும் விளையாட்டும் வேலையிலிருந்து திருடிய பொழுதா, அல்லது வேலையோடு சேர்ந்த பொழுதா? இதுபற்றி நம் கருத்தை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

வில்லும் நாணும்

திருச்சபையின் மாபெரும் அறிஞரான புனித அக்குவினா தோமையார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் நூலில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே அவர் ஒரு பழைய கதையை எடுத்துக் காட்டுகிறார். திருத்தூதர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி யோவான் அவனைக் கேட்டார், எய்தான். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். பிறகு, “இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?” என்று வினவினார். “முடியாது, வில் முறிந்துவிடும்” என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே, ஓயாமல் இழுத்துப் பிடித்தால் முறிந்துபோகும் என்று யோவான் விளக்கினாராம்.

உடல் களைத்தால் ஓய்வு வேண்டும்; மனம் களைத்தால் மகிழ்ச்சி வேண்டும்; ஆகவே அளவோடு கூடிய விளையாட்டு நற்பண்பைச் சேர்ந்தது என்பது தோமையாரின் முடிவு. தானும் சிரிக்காமல் பிறரையும் சிரிக்கவிடாமல் இருப்பதைக் குற்றமென்றே அவர் எண்ணினார். சிடுமூஞ்சித்தனத்தைப் பக்தி என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பார்களாக!

நற்செய்தியிலும் இதற்குச் சான்று உண்டு. உணவருந்தவும் நேரமில்லாமல் மக்கள் வருவதும் போவதுமாய் இருந்தபோது, ஆண்டவர் இயேசு தம் சீடர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சற்று இளைப்பாறச் சொன்னதை மாற்கு எழுதியிருக்கிறார். அவர்கள் செய்துகொண்டிருந்ததோ இறைப்பணி. அதற்கே இடைவேளை வேண்டியிருந்தது என்றால், மற்ற வேலைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

காட்டு வேலையில் இருந்த கலகலப்பு

நம் ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடப்பதை அறியாதவர் இல்லை. அந்தப் பருத்தி பெரும்பாலும் பெண்களின் கைகளால் எடுக்கப்படுவது. வெயில் ஏறுமுன் காட்டில் இறங்குவார்கள். முதுகு வளைந்து, மடி நிறையப் பஞ்சு சேர்ப்பார்கள். வெயில் ஏறியதும் வேப்பமர நிழலில் அமர்வார்கள். தூக்குப்போசி திறக்கும், மோரோ கூழோ கை மாறும். கேலியும் கிண்டலும், விடுகதையும் ஊர்க்கதையும் பறக்கும். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் சேலையை உதறிக்கொண்டு எழுவார், எல்லாரும் எழுவர். எவரும் விரட்ட வேண்டுவதில்லை.

நடவு வயலில் பாட்டு, ஏற்றம் இறைக்கையில் பாட்டு, களத்துமேட்டில் கும்மி என்று நம் முன்னோர் வேலைக்குள்ளேயே விளையாட்டைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஏற்றப் பாட்டு இறைத்த சால்களை எண்ணும் கணக்காகவும் உதவியது. காட்டு வேலை எளிதாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. கூலி குறைவு, வெயில் கொடிது, அடிமைத்தனமும் இருந்தது. ஆனால் அத்துன்பங்களுக்கு நடுவிலும் சேர்ந்து சிரிக்க ஒரு நிழல் இருந்தது.

கம்பெனி வண்டி வந்த பிறகு

இன்று நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பனியன் தொழிலே சோறு போடுகிறது. காலையில் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக நின்று ஆளேற்றிச் செல்கின்றன. நம் தாய்மாரும் அக்காமாரும் ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் அமர்கிறார்கள். செக்கிங், கைமடித்தல், அயர்னிங், பேக்கிங் எனப் பல வேலைகளைச் செய்கிறார்கள். இத்தொழிலால் பெண்கள் கையில் காசு புழங்குகிறது. நம்மில் பலருடைய பள்ளிக் கட்டணமும் அந்தக் காசிலிருந்தே வருகிறது. அதை நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் தையல் வரிசையின் இயல்பை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தோள் இணைக்கிறார், அடுத்தவர் கை இணைக்கிறார், அதற்கடுத்தவர் அடி மடிக்கிறார். நடுவில் ஒருவர் எழுந்தால் அவர் முன்னே துண்டுகள் குவிகின்றன. அவருக்குப் பின்னே இருப்பவர் கைகட்டிக் காத்திருக்கிறார். பீஸ் ரேட் என்றால் சொல்லவே வேண்டாம்: எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலியில் குறையும். அதனால் யாரும் கட்டளையிடாமலே பெண்கள் தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக் கொள்கிறார்கள். தேநீரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் துண்டுகளை அடுக்குவோர் உண்டு. அடிக்கடி எழ வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக் குடிப்போரும் உண்டு. அவசர ஆர்டர் வந்தால் ஒன்றரை ஷிப்டு.

இதனால் இலாபம் யாருக்கு? கழுத்தும் இடுப்பும் வலியெடுக்கும்போது கை பிசகுகிறது, தையல் விலகுகிறது, செக்கிங்கில் துண்டு திரும்பி வருகிறது. பிரித்துத் தைக்கும் நேரத்தை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? கண் சொக்கிய நொடியில் ஊசி விரலில் ஏறினால் அதற்கு எந்தப் பீஸ் ரேட் ஈடாகும்? தையல் எந்திரத்துக்கு நாள்தோறும் எண்ணெய் விடுகிறோம். அதை யாரும் வீண் செலவு என்பதில்லை. எந்திரத்தின் முன்னே அமர்ந்திருப்பவருக்கும் அவ்வாறு ஒன்று வேண்டுமல்லவா?

இடைவேளைக்காக நடந்த போராட்டம்

இன்று நாம் இயல்பாக எண்ணும் இடைவேளை தானாக வந்ததன்று. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஆலைகளில் வேலை செய்த 7 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேர வேலை என்று வரம்பு கட்டி, ஒரு மணி நேர ஓய்வும் மாதம் நான்கு விடுமுறைகளும் கொடுத்தது அச்சட்டம். ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேர வேலை! அதுவே அந்நாளில் இரக்கமாகக் கருதப்பட்டது. பெரியவர்களுக்கு அச்சட்டத்தில் ஓய்வே இல்லை.

1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களை நாராயண் மேகாஜி லோகாண்டே திரட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் எழுந்தது. அதில் அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு: ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, நண்பகலில் அரை மணி ஓய்வு. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வார விடுமுறையும் நண்பகல் அரை மணி ஓய்வும் இடம் பெற்றன. அதே 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர்களைப் பற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டு, வேலையின் கடுமைக்குத் தக்கபடி ஓய்வு தரப்பட வேண்டும் என்று உலகுக்கு எடுத்துரைத்தார்.

நம் தமிழ்நாட்டின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என அது போற்றப்படுகிறது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று, பி. பி. வாடியாவைத் தலைமை ஏற்கச் செய்தனர், திரு. வி. க.வும் துணை நின்றார். அத்தொழிலாளர்களின் தொடக்கக் குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் உணவுக்குத் தந்த அரை மணி நேரம் போதவில்லை என்பது! கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை விழுங்குவதற்குள் சங்கு ஊதிவிடும். ஒரு பெரிய இயக்கம் சில நிமிடங்களுக்காகத் தொடங்கியது. அந்த நிமிடங்களின் அருமையை உழைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அரை மணி ஓய்வேனும் இல்லாமல் ஒருவரைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வகுத்தது. 2021இல் தமிழ்நாடு, கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே இதற்கு வழிகாட்டியது. ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்கள் உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது! பின்னர் 2023 ஏப்ரல் 21இல், தொழிற்சாலைகளுக்கு வேலை நேர விதிகளிலிருந்து விலக்கு அளித்து 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. சட்டங்களின் பெயர்கள் மாறலாம். மனிதரின் முதுகும் கண்ணும் மாறுவதில்லை.

வெறும் ஓய்வு போதுமா?

ஓய்வு கொடுத்தாயிற்று, அதில் சிரிப்பும் விளையாட்டும் எதற்கு என்று கேட்கலாம். உலக நாடுகள் சில இதற்கு விடை கண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் மும்முரமாக நடந்த 1940இல், இங்கிலாந்து வானொலி தொழிற்சாலை ஊழியர்களுக்கென்றே நாள்தோறும் இருமுறை அரை மணி நேர இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. உயிர்போகும் அவசரத்திலும் அவர்கள் பாட்டை வீண் என்று கருதவில்லை. ஜப்பானில் 1928 முதல் வானொலி இசைக்கேற்ப அனைவரும் சேர்ந்து சில நிமிடம் உடற்பயிற்சி செய்யும் பழக்கம் இருந்து வருகிறது. கியூபா நாட்டுச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் கதையும் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டினார்கள். நம் பக்கத்து மாநிலத்தில், 1969இல் கண்ணூரில் தோன்றிய தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவிலும் செய்தித்தாள் வாசிப்பு வழக்கமாக இருந்தது. எழுத்தறியாதவரும் உலகச் செய்தி அறிந்து விவாதித்தனர். நம் பனியன் கம்பெனிகள் பலவற்றிலும் பாட்டுப் போடுவது உண்டு.

2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 50 நிமிடம் ஒரே வேலையில் கண்ணூன்றி இருந்தவர்களின் கவனம் நேரம் செல்லச் செல்லத் தளர்ந்தது. நடுவில் இரண்டே முறை மிகச் சிறிது நேரம் வேறொன்றில் மனம் செலுத்தியவர்களின் கவனமோ தளரவில்லை. நம் பாட்டிமார் வேப்ப நிழலில் கண்டறிந்ததை ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொண்டது.

அளவும் மணியும்

“இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள், ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடம் ஆகும்” என்று பெரியோர் அஞ்சுவதில் பொருளில்லாமல் இல்லை. கைப்பேசியை ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று எடுத்து, ஒரு மணி கழித்துக் கீழே வைப்பவரை வீடுதோறும் காண்கிறோம். அதை நாம் இடைவேளை என்று சொல்லமாட்டோம். இடைவேளை முடிந்தால் கண் தெளிய வேண்டும். கைப்பேசியை வைத்த பின்னோ கண் எரிகிறது.

ஆகவே நல்ல இடைவேளைக்கு மூன்று இலக்கணம் கூறலாம். முதலாவது, அது செய்த வேலைக்கு மாறாக இருக்கட்டும்: உட்கார்ந்து தைத்தவர் எழுந்து நடக்கட்டும், நின்றவர் அமரட்டும், படித்தவர் ஓடட்டும். இரண்டாவது, அதன் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்திருக்கட்டும். மூன்றாவது, கூடுமானவரை அது எல்லாருக்கும் ஒரே வேளையில் வரட்டும்.

இம்மூன்றாவதே முக்கியமானது என்று நாம் கருதுகிறோம். தனியாக எழுந்து நிற்பவள் சோம்பேறி எனப் பெயர் வாங்குகிறாள்; கூலியும் இழக்கிறாள். வரிசை முழுவதும் ஒரே மணியோசைக்கு எழுந்தால் யார் முன்னும் துண்டு குவியாது, யாரும் பின்தங்கமாட்டார்கள். கன்னியர் மடங்கள் இந்த உண்மையை முன்னமே அறிந்திருந்தன. 16ஆம் நூற்றாண்டில் கார்மேல் சபையைச் சீர்திருத்திய புனித அவிலா தெரேசம்மாள், மௌனமும் தவமும் நிறைந்த தம் மடத்திலும், உணவுக்குப் பின் சகோதரிகள் கூடி மனம்விட்டுப் பேசிக் களிக்கும் வேளையை ஒழுங்குமுறையாகவே எழுதி வைத்தார். மணி அடித்தால் செபம். மணி அடித்தால் வேலை. மணி அடித்தால் மகிழ்ச்சி. நம் அருட்சகோதரியர் மதர் அறையில் சிரிக்கும் ஓசை சில மாலைகளில் வராண்டா வரை கேட்கிறது. அந்தச் சிரிப்பு அவர்களுடைய துறவைக் குறைத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

யாரிடம் என்ன கேட்கிறோம்?

முதலில் பள்ளியிடம். தேர்வு நெருங்கும் மாதங்களில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பாடம் முடியவில்லையே என்னும் ஆசிரியைகளின் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வில் அதிகமாக இழுக்கப்படும் காலம் அதுவே; நாணைத் தளர்த்த வேண்டிய காலமும் அதுவே. பாரதியார் பாப்பாப் பாட்டில் மாலைப் பொழுதைக் குழந்தையின் ஆட்டத்துக்கே விட்டுவிட்டார். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. உள்ள பாடவேளையை எடுக்காதிருந்தால் போதும். மாலைப் படிப்பு வேளையின் நடுவே ஐந்து நிமிடம் நொண்டியோ ஐந்தாங்கல்லோ ஆட மணி அடித்தால் இன்னும் மகிழ்வோம். மணி மீண்டும் அடித்ததும் புத்தகத்துக்குத் திரும்புவது எங்கள் கடமை.

அடுத்து, கம்பெனி நடத்தும் பெரியோரிடம். அவர்களுள் நம் மாணவியரின் பெற்றோரும் இருக்கலாம். காலையும் மாலையும் தரும் தேநீர் வேளை எந்திரத்தை விட்டு எழுந்து செல்லும் வேளையாக இருக்கட்டும். அந்த நிமிடங்களுக்குக் கூலி குறையாதிருக்கட்டும். குடிக்கத் தண்ணீரும், சுத்தமான கழிப்பறையும், அமர ஒரு நிழலும் இருக்கட்டும். வெளியே செல்லும் துணியின் தரத்தில் அதன் பலன் தெரியும் என்றே நம்புகிறோம். தெரியாவிட்டாலும் கூட, உழைப்பவர் மனிதர் என்னும் ஒரு காரணமே போதும்.

கடைசியாக, நம் வீட்டாரிடமும் நம்மிடமும். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தாய்க்கு அடுப்படியில் இரண்டாவது ஷிப்டு தொடங்குகிறது. அங்கே தேநீர் வேளைக்கு மணி அடிப்பவர் யாருமில்லை. எந்தச் சட்டமும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அந்த மணியை நாம் அடிக்கலாம் அல்லவா? பாத்திரத்தை நாம் வாங்கிக்கொண்டு, அண்ணன் தம்பியரையும் கூட்டி ஆளுக்கொரு வேலை பகிர்ந்துகொண்டால், அம்மாவுக்குக் கால் நீட்டி அமரப் பத்து நிமிடம் கிடைக்கும். பல்லாங்குழிக் கட்டையைத் தட்டி எடுத்து அவர் முன் வைத்துப் பாருங்கள். நாம் அறியாத ஆட்டக்காரி ஒருத்தி அங்கே விழித்துக்கொள்வாள்.

தோழியரே! ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்றும், அந்த நாளையே அவர் புனிதமாக்கினார் என்றும் தொடக்கநூல் சொல்கிறது. நாளை நம்மில் சிலர் ஆசிரியைகளாவோம், செவிலியராவோம், சூபர்வைசராவோம், சொந்தமாகக் கம்பெனியும் நடத்துவோம். அன்று நம் கீழ் வேலை செய்யும் ஒரு பெண் சற்றே நின்று சிரித்தால், “என்ன, சும்மா நிற்கிறாய்?” என்று கேளாதிருப்போம். “தண்ணீர் குடித்தாயா?” என்று கேட்போம். நன்றாக உழைப்போம், நடுவில் நன்றாகச் சிரிப்போம், எல்லாருக்கும் அந்த நிழல் கிடைக்கச் செய்வோம்!